இன்ஜின் டியூனிங் கருவிகளில் எதை முதலில் வாங்க வேண்டும்?

டியூனிங் கருவி என்றதும் பெரும்பாலோர் மனத்தில் வருவது, ஈசியூவுக்குள், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குள், புதிய மேப்பை (எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் தீர்மானிக்கும் அட்டவணைகளை) ஏற்றும் சிறு பெட்டியும் அதன் கேபிளும்தான். விளம்பரங்களும் அதையே முன்னிறுத்துகின்றன. எத்தனை குதிரைத்திறன் கூடும் என்ற ஒரே எண்ணைப் பார்த்து வாங்குபவர் முடிவெடுத்து விடுகிறார். ஆனால் அந்தப் பெட்டி வெறும் சுமைதூக்கிதான். அது சுமந்து செல்லும் எண்கள் இந்த இன்ஜினுக்கும் இந்த எரிபொருளுக்கும் பொருந்துகின்றனவா என்பதை அது தானாகச் சொல்லாது. ஆகவே இங்கே எடுத்துக்கொண்ட கருவிகள் ஒவ்வொன்றையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டிருக்கிறேன்: இன்ஜினுக்குள் நடப்பதை இது எவ்வளவு தெளிவாக, எவ்வளவு வேகமாக, எவ்வளவு நம்பகமாகக் காட்டுகிறது? மேப்பை எழுதும் திறன் இரண்டாம் இடத்தில்தான் வருகிறது.

எழுதும் கருவியைப் பொறுத்தவரை தேர்வு நம் கையில் அதிகம் இல்லை. காரில் உள்ள ஈசியூவே அதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் வி8 இன்ஜின்களுக்கு ஹெச்பி டியூனர்ஸும் ஈஎஃப்ஐ லைவும், சுபாருவுக்குக் கோப் ஆக்சஸ்போர்ட்டும் ஈசியூடெக்கும், ஹோண்டாவுக்கு ஹோண்டேட்டாவும் என்று களம் ஏற்கெனவே பிரிந்து கிடக்கிறது. எனவே கருவியின் பெயரைத் தேடுவதற்கு முன் காரின் ஆண்டு, ஈசியூவின் வன்பொருள் எண், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அந்தப் பதிப்பு ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. ஒரே மாடலில் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு இடையே ஈசியூ மாறியிருக்கலாம். புதிய கார்களில் ஈசியூ பூட்டப்பட்டிருப்பதால் அதைக் கழற்றி, பூட்டைத் திறப்பதற்காக அனுப்ப வேண்டிய நிலையும் வரலாம். அத்தகைய காரில் கருவியின் விலையைவிட இந்தச் சுற்றுவேலையே பெரிய செலவாகிவிடும்.

ஹெச்பி டியூனர்ஸின் எம்பிவிஐ வரிசைக் கருவியை எடுத்துக்கொள்வோம். இதில் மேப்பைத் திருத்துவது விசிஎம் எடிட்டர்; பதிவெடுப்பது விசிஎம் ஸ்கேனர். எடிட்டரில் ஆயிரக்கணக்கான அட்டவணைகள் திறந்து கிடப்பதைப் பலர் புகழ்கிறார்கள். என் பார்வையில் ஸ்கேனரில் உள்ள ஹிஸ்டோகிராம் வசதிதான் இதன் உண்மையான பலம். லாம்ப்டா என்பது காற்று–எரிபொருள் கலவையின் அளவு; 1 என்றால் நிறைவு நிலை, அதற்குக் கீழே எரிபொருள் மிகுதி. ஈசியூ கேட்ட லாம்ப்டாவுக்கும் வெளி மீட்டர் காட்டிய லாம்ப்டாவுக்கும் உள்ள வேறுபாட்டை, ஆர்பிஎம்மும் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று நுழையும் குழாய்) அழுத்தமும் அச்சுகளாக உள்ள கட்டங்களில் சராசரியாக்கிக் காட்டுமாறு அதை அமைக்கலாம். அந்தக் கட்டங்களும் இன்ஜின் எவ்வளவு காற்றை நிரப்பிக்கொள்கிறது என்று கூறும் காற்றுநிரப்பு அட்டவணையின் கட்டங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும்போது, எந்த இடத்தில் எத்தனை சதவீதம் திருத்த வேண்டும் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடுகிறது. குறையும் உண்டு. ஒவ்வொரு காருக்கும் கிரெடிட் வாங்கி உரிமம் பெற வேண்டும். அந்த உரிமம் அந்தக் காருக்கே உரியது. ஒரு காரை மட்டும் வைத்திருப்பவருக்கு இது பொருட்டல்ல. அடிக்கடி கார் மாற்றுபவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். லாம்ப்டாவைத் துல்லியமாக அளக்கும் வெளி வைட்பேண்ட் மீட்டரைக் கருவியுடன் இணைப்பதற்கு எந்தத் துணைக் கேபிள் தேவை என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. அது இல்லாமல் மேலே சொன்ன பலம் பாதியாகிவிடும்.

கோப் ஆக்சஸ்போர்ட் வேறு வகையான பயனருக்கானது. மடிக்கணினி இல்லாமலே மேப்பை ஏற்றலாம், காரிலேயே பொருத்தி மீட்டராகவும் பயன்படுத்தலாம். ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்ற ஆயத்த மேப்கள் உடன் கிடைக்கின்றன. ஆயத்த மேப் என்பது குறிப்பிட்ட எரிபொருளையும் குறிப்பிட்ட உதிரிபாகங்களையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது. இன்டேக் குழாயை மட்டும் மாற்றினால்கூடக் காற்றோட்ட சென்சாரின் அளவீடு விலகிவிடக்கூடும் என்பதை வாங்குபவர் மறக்கலாகாது. இந்தக் கருவியில் நான் மிகவும் மதிப்பது, சுபாரு ஈசியூவின் நாக் (சிலிண்டருக்குள் கலவை தானாக வெடித்து எரிந்து தட்டுவது) தொடர்பான மூன்று மதிப்புகளை எளிதாகப் பார்க்கவும் பதிவெடுக்கவும் முடிவதைத்தான். ஃபீட்பேக் நாக் என்பது அந்தக் கணத்தில் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும் திருத்தம். ஃபைன் நாக் லேர்னிங் என்பது ஆர்பிஎம், சுமை வாரியாக ஈசியூ கற்று வைத்துக்கொண்ட திருத்தம். டிஏஎம் என்பது ஒட்டுமொத்த நம்பிக்கையின் அளவு. 1 என்றால் முழு டைமிங் கிடைக்கிறது, அதற்குக் கீழே இறங்கினால் இன்ஜின் பரவலாக நாக் ஆகிறது என்று ஈசியூ கருதிவிட்டது. இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கு, ஒரு முறை எரிபொருள் நிரப்பியதன் தரம்கூடப் புலப்பட்டுவிடும். மறுபக்கம், இத்தகைய கருவியின் எல்லைகளை நிர்ணயிப்பது தயாரிப்பாளரே. 2022இல் அந்நிறுவனம் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை முன்னிட்டு மென்பொருளில் சில வசதிகளை நீக்கியபோது, கருவியை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. வாங்கிய பொருள் வாங்கிய நிலையிலேயே இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஈசியூடெக்கைத் தனியாக வாங்கித் தானே கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். அதன் ரேஸ்ரோம் வசதிகள், அதாவது ஓடும்போதே மேப் மாற்றுவது, ஈசியூவுக்குள் இல்லாத புதிய தர்க்கத்தைச் சேர்ப்பது போன்றவை, ஆழமானவை. ஆனால் முழு நிரல் வசதி டியூனர்களைக் கருதி அமைந்தது. கார் உரிமையாளர் கையில் கிடைப்பது பெரும்பாலும் டியூனர் அனுப்பும் கோப்பை ஏற்றவும் பதிவெடுத்துத் திருப்பி அனுப்பவும் உதவும் வசதியே. நல்ல டியூனர் ஒருவரை முதலில் தேர்ந்துவிட்டு, அவர் சொல்லும் கருவியை வாங்குவதே இங்கே முறை. பழைய சுபாரு வைத்திருந்து, பொறுமையும் படிக்கும் ஆர்வமும் உள்ளவருக்கு, டேக்ட்ரிக்ஸ் ஓபன்போர்ட் கேபிளும் இலவசமான ரோம்ரெய்டர் மென்பொருளும் சேர்ந்து வியக்கத்தக்க அளவுக்குப் பயன் தருகின்றன. கைபிடித்துக் கூட்டிச் செல்ல அங்கே யாரும் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இனி அளக்கும் கருவிகள். எழுதும் கருவி எதுவாக இருந்தாலும், டர்போ காரில் வைட்பேண்ட் லாம்ப்டா மீட்டர் இல்லாமல் எரிபொருள் அட்டவணையைத் தொடுவதை நான் ஏற்பதில்லை. பழைய கார்களில் தொழிற்சாலை பொருத்திய குறுகிய வகை ஆக்சிஜன் சென்சார், கலவை லாம்ப்டா 1க்கு இப்பக்கமா அப்பக்கமா என்று மட்டுமே சொல்லும். முழு ஆக்சிலரேட்டரில் நமக்கு வேண்டியதோ 0.80ஐச் சுற்றியுள்ள துல்லியமான எண். ஏஇஎம், இன்னோவேட் போன்றவற்றின் மீட்டர்கள் பெரும்பாலும் போஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாரையே பயன்படுத்துகின்றன. பழைய எல்எஸ்யூ 4.2 சென்சாரைத் திறந்த காற்றில் வைத்து அவ்வப்போது அளவுதிருத்தம் செய்ய வேண்டியிருந்தது; 4.9இல் அந்தத் தேவை பெருமளவு குறைந்தது. சென்சாருக்குரிய அளவுதிருத்த மின்தடை அதன் கனெக்டருக்குள்ளேயே இருப்பதால், கம்பியை நீட்டுவதற்காகக் கனெக்டரை வெட்டி எறிவது சென்சாரையே குருடாக்குவதற்குச் சமம்.

மீட்டரின் பிராண்டைவிட அதைப் பொருத்தும் இடமே விளைவைத் தீர்மானிக்கிறது. டர்போவுக்கு முன்னால் பொருத்தினால் அங்குள்ள அழுத்தமும் வெப்பமும் அளவீட்டைக் கெடுக்கும். டர்போவுக்குப் பின்னால் ஏறத்தாழ அரை மீட்டராவது தள்ளி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், ஈரம் தேங்காதபடி மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்த வேண்டும். புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவை ஒல்லியாக, அதாவது எரிபொருள் குறைவாக, இருப்பதாகக் காட்டும். ஸ்பார்க் தவறினாலும் அப்படியே: எரியாமல் வெளியேறிய ஆக்சிஜனைச் சென்சார் எண்ணுகிறது, கூடவே வந்த எரியாத பெட்ரோலை அது அதே அளவில் ஈடுகட்டிப் பார்ப்பதில்லை. இதை அறியாதவர் மிஸ்ஃபயர் ஆகும் இன்ஜினுக்கு மேலும் மேலும் எரிபொருளைக் கொட்டி, பிளக்குகளை நனைத்து, நிலைமையை இன்னும் மோசமாக்குவார்.

மீட்டரிலிருந்து பதிவுக் கருவிக்கு எண் எப்படிப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அனலாக் வோல்டேஜ் வழியாக அனுப்பும்போது, ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2.4 புள்ளி என்ற அளவில் காற்று–எரிபொருள் விகிதத்தைக் காட்டும் மீட்டரில், இரு கிரவுண்டுகளுக்கும் இடையே 0.1 வோல்ட் வேறுபாடு இருந்தாலே பதிவில் 0.24 புள்ளி பிழை புகுந்துவிடும். டயலில் 11.5 என்றும் பதிவில் 11.7 என்றும் தெரிவதற்கு இதுவே வழக்கமான காரணம். கேன் (காரின் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் டிஜிட்டல் இணைப்பு) வழியாக அனுப்பும் மீட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அங்கே எண் எண்ணாகவே போகிறது. இன்னொன்று, டயலை லாம்ப்டா அளவில் வைத்துக்கொள்வது. சென்சார் உண்மையில் அளப்பது லாம்ப்டாவைத்தான், 14.7 என்பது பெட்ரோலுக்கான பெருக்கல் மட்டுமே. பெருமளவு எத்தனால் கலந்த இ85 எரிபொருளுக்கு அதே நிறைவு நிலை ஏறத்தாழ 9.8 ஆகிவிடும். எத்தனால் கலவை மாறிக்கொண்டே இருக்கும் காரில் விகித எண்ணை நம்பிக்கொண்டிருப்பது வீண் குழப்பம்.

நாக் விஷயத்தில் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். அது எனக்குப் புரிவதே இல்லை. கலவை சற்று விலகினால் திறன் குறையும். கடும் நாக் தொடர்ந்தால் பிஸ்டனே உடையும். ஈசியூ காட்டும் நாக் எண் ஒரு தீர்ப்பு மட்டுமே. அது எந்த ஒலியைக் கேட்டு அத்தீர்ப்பை வழங்கியது என்பது நமக்குத் தெரிவதில்லை. வார்ப்புப் பிஸ்டனை எடுத்துவிட்டு ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்ட இன்ஜினில், குளிர்ந்த நிலையில் பிஸ்டன் தட்டும் ஒலியே நாக்காகப் பதிவாகலாம். இங்கேதான் தனி நாக் மானிட்டரும் ஹெட்போனும் தம் விலைக்கான பயனைத் தருகின்றன. பிளெக்ஸ், லிங்க் போன்றவற்றின் கருவிகளில், எந்த அலைவரிசையைக் கேட்பது என்பதை நாமே அமைக்கலாம். தொடக்க மதிப்புக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: 900ஐ, பை மதிப்பையும் மில்லிமீட்டரில் சிலிண்டர் துளையின் ஆரத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், நாக் ஒலியின் அடிப்படை அதிர்வெண் கிலோஹெர்ட்ஸில் கிடைக்கும். 86 மில்லிமீட்டர் துளைக்கு அது ஏறத்தாழ 6.7, 100 மில்லிமீட்டருக்கு 5.7. இயந்திர இரைச்சல் அதிகமாக இருந்தால் இதன் இரட்டிப்பு அதிர்வெண்ணைக் கேட்டுப் பார்ப்பதும் வழக்கம். வரைபடத்தில் மேடாகத் தெரிவது நாக்கா, வால்வு ஒலியா என்ற ஐயத்தைத் தீர்ப்பதில் பழகிய காதுக்கு இணையாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. அந்தக் காது ஒரு நாளில் பழகாது என்பதும் உண்மை.

பதிவின் வேகம் பற்றிக் கருவி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு 100 முறை சுற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 முறை எரிகிறது. நொடிக்கு 10 மாதிரி எடுக்கும் பதிவில், இரு புள்ளிகளுக்கு இடையே ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்து எரிதல்கள் கடந்து போய்விடுகின்றன. பொதுவான ஓபிடி-2 (காரின் பிழைகளைக் கண்டறியும் இணைப்பு) வழியாகப் பத்துப் பதினைந்து மதிப்புகளை ஒரே சமயம் கேட்டால், பல கார்களில் இந்த வேகம்கூடக் கிடைப்பதில்லை. ஆகவே விலை குறைந்த புளூடூத் அடாப்டரும் கைபேசிச் செயலியும் பிழைக் குறியீடு படிக்க மட்டுமே ஏற்றவை. அவற்றின் பதிவை வைத்து டைமிங் அட்டவணையைத் திருத்துவது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம். நல்ல கருவியிலும் தேவையற்ற மதிப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கினால் மீதியின் வேகம் கூடும். ஆர்பிஎம், மேனிஃபோல்டு அழுத்தம், டைமிங், நாக் திருத்தம், லாம்ப்டா, இன்டேக் காற்றின் வெப்பநிலை, எரிபொருள் அழுத்தம் ஆகியவை இருந்தால் முழு ஆக்சிலரேட்டர் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் போதும்.

அழுத்த சென்சார்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 2.5 பார் வரை மட்டுமே படிக்கும் தொழிற்சாலை சென்சாரை வைத்துக்கொண்டு 1.5 பாருக்கு மேல் பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் அழுத்தம்) ஏற்றினால், பதிவில் கோடு தட்டையாகிவிடும். ஈசியூவோ அழுத்தம் கூடவில்லை என்று நம்பி அதே எரிபொருளைத் தரும். மேனிஃபோல்டுடன் இணைந்த எரிபொருள் ரெகுலேட்டர் உள்ள காரில், எரிபொருளின் 3 பார் அடிப்படை அழுத்தம் 1.4 பார் பூஸ்டில் 4.4 ஆக ஏற வேண்டும். ஏறாவிட்டால் பம்ப் தளர்ந்தோ ஃபில்டர் அடைத்தோ இருக்கலாம், மேப்பைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

இன்ஜினின் திறனை அளக்கும் டைனோவை யாரும் வீட்டுக்கு வாங்கப்போவதில்லை. ஆனால் எந்த டைனோவில் நேரம் வாடகைக்கு எடுப்பது என்பதும் கருவித் தேர்வுதான். டைனோஜெட்டின் பெயரை நிலைநாட்டிய உருளை வகை, கனமான டிரம்மைச் சக்கரங்கள் எவ்வளவு விரைவாகச் சுழற்றுகின்றன என்பதிலிருந்து திறனைக் கணக்கிடுகிறது. முன்னும் பின்னும் ஒப்பிட அது நல்லது. ஆனால் 3500 ஆர்பிஎம்மில், பாதி சுமையில் இன்ஜினைப் பிடித்து நிறுத்தி ஒவ்வொரு கட்டமாகத் திருத்த அதனால் இயலாது. மஸ்டாங், மெயின்லைன் போன்ற சுமை ஏற்றும் டைனோக்களாலும், சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் மாட்டும் டைனாபேக்காலும் அது இயலும். டைனோஜெட்டிலும் பிரேக் சேர்த்த மாடல்கள் உண்டு என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சிட்டுத் தரும் தாளில், அன்றைய வானிலையை ஈடுசெய்யும் எந்தத் திருத்தக் காரணி பயன்பட்டது என்பதையும் பாருங்கள்: 25 டிகிரி செல்சியஸையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொண்ட எஸ்ஏஇ ஜே1349ஐவிட, எஸ்டிடி என்று குறிக்கப்படும் பழைய முறை ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஒரு டியூனரின் 400 குதிரைத்திறனும் மற்றொருவரின் 385உம் ஒரே இன்ஜினாக இருக்கக்கூடும்.

தொழிற்சாலை ஈசியூவுக்குப் பதிலாகப் பொருத்தும் தனி ஈசியூவைப் பற்றி ஆர்வலர்களிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. ஹால்டெக், மோடெக், லிங்க் ஆகியவற்றின் பதிவு வேகமும் இன்ஜின் பாதுகாப்பு வசதிகளும் தொழிற்சாலை ஈசியூவில் கிடைக்காதவை. எரிபொருள் அழுத்தம் விழுந்த கணத்திலேயே இன்ஜினை நிறுத்தும் வசதி ஒன்றே அதன் விலையை நியாயப்படுத்திவிடும். ஆயினும் குளிர்நிலைத் தொடக்கம், ஏசி, ஐட்லிங், தானியங்கி கியர்பாக்ஸுடன் பேசுவது என்று தொழிற்சாலைப் பொறியாளர்கள் நெடுங்காலம் உழைத்துச் செய்ததை மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருக்கும். தினமும் ஓட்டும், ரீஃபிளாஷ் (தொழிற்சாலை ஈசியூவிலேயே மேப்பை மாற்றி எழுதும்) வசதி உள்ள காருக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். இன்ஜினையே மாற்றிய கார், பந்தயத்துக்கு மட்டும் உள்ள கார், ரீஃபிளாஷ் ஆதரவே இல்லாத பழைய கார் ஆகியவற்றுக்கு இதுதான் வழி. மோடெக் எம்1 வரிசையில் பதிவு நினைவகம் போன்றவற்றுக்குத் தனி உரிமம் உண்டு என்பதால் முழு விலையைக் கேட்டுப் பெற வேண்டும். புரூஸ் பௌலிங்கும் அல் கிரிப்போவும் உருவாக்கிய மெகாஸ்குவர்ட் என்னும் தனி ஈசியூ, டியூனர்ஸ்டுடியோ மென்பொருளுடன் சேரும்போது, கற்றுக்கொள்வதற்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல ஆசிரியர். ஓட்டிக்கொண்டே எரிபொருள் அட்டவணையைத் திருத்தும் அதன் தானியங்கி வசதிக்காகக் கட்டணப் பதிப்பை வாங்குவது தகும்.

தனி ஈசியூ வாங்குபவர் கூடவே, தீப்பொறி விழும் கணத்தில் மின்னும் டைமிங் லைட் ஒன்றும் வாங்க வேண்டும். திரையில் 15 டிகிரி என்று காட்டுவதும் கிராங்க் புல்லியில் 15 டிகிரி விழுவதும் ஒன்றே என்று சரிபார்க்காமல் மேற்கொண்டு எதையும் தொடக்கூடாது. இதற்கு மிக எளிய வகையே சிறந்தது. டிகிரியைத் திருகி அமைக்கும் வகையை வேஸ்ட்டட் ஸ்பார்க் (ஒவ்வொரு பிளக்கும் வீணாக ஒரு கூடுதல் தீப்பொறி விடும்) அமைப்பில் பயன்படுத்தினால், நான்கு ஸ்ட்ரோக் சுழற்சி ஒன்றில் இரண்டு தீப்பொறிகளை அது எண்ணுவதால், அமைத்த டிகிரி இரட்டித்துப் பிழை காட்டும். திருகைச் சுழியத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

மேப் ஏற்றும்போது பேட்டரி மின்னழுத்தம் விழாமல் பிடித்துவைக்கும் நிலையான மின்வழங்கியைச் செலவுக் கணக்கில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்; பாதி எழுதிய ஈசியூ இன்ஜினைக் கிளப்பாது. போலிக் கேபிள்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்க வேண்டும்: அவற்றின் மென்பொருளைப் புதுப்பிக்க இயலாது, எழுதுவது நடுவில் நின்றுபோனால் மீட்டுத்தர யாரும் இல்லை. பழைய கருவியை வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஆக்சஸ்போர்ட் போன்றவை ஒரு காருடன் பிணைக்கப்பட்டால் அந்தக் காரில் மீண்டும் செருகி அவிழ்க்கும்வரை வேறு காரில் வேலை செய்யமாட்டா. எனவே விற்பவர் தம் காரை முன்பே விற்றுவிட்டாரா என்று கேளுங்கள். கருவியின் திரையில் அது அவிழ்க்கப்பட்ட நிலையில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.